முப்பது வயதில் பார்டர்லைன் கொலஸ்ட்ரால்: காத்திருக்கலாமா?

அலுவலகத்தின் வருடாந்தர மருத்துவப் பரிசோதனை முடிந்து சில நாளில் மின்னஞ்சலில் ரிப்போர்ட் வந்து சேரும். சர்க்கரை சரி, ரத்த அழுத்தம் சரி, லிப்பிட் ப்ரொஃபைல் என்ற பக்கத்தில் மட்டும் ஓர் எண் தடித்த எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே 'பார்டர்லைன் ஹை' என்ற குறிப்பு. இருபத்தெட்டு, முப்பத்திரண்டு வயதுக்காரர்களுக்கு இது இன்று சர்வசாதாரணம். அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனால், "எண்ணெய்ப் பண்டத்தைக் குறைங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பதோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும். வீட்டில் முட்டையின் மஞ்சள் கருவுக்குத் தடை விழும், இரண்டு வாரம் நடைப்பயிற்சி நடக்கும், பிறகு எல்லாம் பழையபடி. கொலஸ்ட்ரால் என்பதே மருந்துக் கம்பெனிகளின் கட்டுக்கதை என்று வாட்ஸ்அப்பில் வந்த காணொளியைப் பார்த்தவர் அந்த இரண்டு வார நடையையும் மிச்சப்படுத்திக்கொள்வார். மருத்துவர், வீடு, வாட்ஸ்அப் மூன்றும் ஒரே அனுமானத்தின் மேல் நிற்கின்றன: இந்த வயதில் இது அவசரமில்லாத விஷயம். அவசரமில்லை என்பது உண்மைதான். ஆனால் அவசரமில்லாததெல்லாம் தள்ளிப்போடக்கூடியது ஆகிவிடாது. கொலஸ்ட்ரால் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அந்த அளவோடு எத்தனை ஆண்டு வாழ்கிறோம் என்பதையும் சேர்த்தே ஆபத்தைக் கணக்கிட வேண்டும் என்று கடந்த எழுபது ஆண்டு ஆராய்ச்சி திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் நடவடிக்கைக்கு ஏற்ற காலம் இருபதுகளும் முப்பதுகளும்தான். அந்த நடவடிக்கை பெரும்பாலோருக்கு மாத்திரையாக இருக்க வேண்டியதில்லை என்பதும், நம்மவர்கள் இப்போது செய்கிற நடவடிக்கை பெரும்பாலும் தவறான இலக்கைக் குறிவைக்கிறது என்பதும் இந்தக் கட்டுரை சொல்லவரும் மற்ற இரண்டு விஷயங்கள்.

முதலில் இந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று பார்க்கலாம். நம் ஊர் ஆய்வகங்கள் அச்சிடும் எல்லைகள் பெரும்பாலும் அமெரிக்காவின் தேசியக் கொலஸ்ட்ரால் கல்வித் திட்டம் 2001இல் வெளியிட்ட பரிந்துரையிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் 200 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. 200 முதல் 239 வரை பார்டர்லைன். 240ஐத் தொட்டால் அதிகம். கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். 100க்குக் கீழே இருப்பது உகந்தது. 130 முதல் 159 வரை பார்டர்லைன். 160 முதல் அதிகம். 190 முதல் மிக அதிகம். இவை நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடுகள். 129இல் இருப்பவரின் ரத்தக்குழாய்க்கும் 131இல் இருப்பவரின் ரத்தக்குழாய்க்கும் எந்த வேறுபாடும் தெரியாது; எல்.டி.எல். ஏற ஏற ஆபத்தும் படிப்படியாக ஏறுகிறது, எங்கும் திடீர் மேடு கிடையாது. 'மாரடைப்பு வந்தவர்களில் பலருக்குக் கொலஸ்ட்ரால் நார்மலாகத்தானே இருந்தது' என்று கேட்பவர்களுக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் தொற்றுநோயியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம், ஒரு சமூகத்தில் பரவலாக இருப்பது ஆரோக்கியமானதாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பது. மாரடைப்பு மலிந்த சமூகத்தின் சராசரியை நார்மல் என்று அழைத்துவிட்டு, நார்மலானவர்களுக்கு மாரடைப்பு வருகிறதே என்று வியப்பதில் பொருளில்லை. பொலிவியக் காடுகளில் வேட்டையும் வேளாண்மையுமாக வாழும் சிமானே பழங்குடியினரை ஸ்கேன் செய்து 2017இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி எல்.டி.எல். 90ஐ ஒட்டியது, 40 வயதைக் கடந்த அவர்களில் 85 சதவீதத்தினரின் இதயக் குழாய்களில் சுண்ணாம்புப் படிவே இல்லை. எல்.டி.எல். ஒன்றுதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, அவர்கள் நாள் முழுக்க நடப்பவர்கள். ஆனால் மனித உடலுக்கு எது இயல்பு என்பதற்கு நம் அலுவலக கேன்டீனைவிட அந்தக் காடு நல்ல அளவுகோல்.

பிறகு ஏன் மருத்துவர் 'பார்க்கலாம்' என்கிறார்? அவர் கையில் இருக்கும் கருவி அப்படி. 1948இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் தொடங்கிய ஆய்விலிருந்துதான் ஆபத்துக் காரணி என்ற கருத்தே பிறந்தது. அதன் வழித்தோன்றல்களான கணிப்பான்கள் வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு அடுத்த பத்தாண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பைச் சொல்லும். 2013இல் வந்து பரவலாகப் புழங்கிய அமெரிக்கக் கணிப்பான் நாற்பது வயதிலிருந்துதான் வேலை செய்யும். இந்தக் கணக்குகளில் வயதின் எடை மிகப் பெரிது. ஆகவே முப்பது வயதுக்காரர் அலட்சியமாக இருந்தாலும் பத்தாண்டு ஆபத்து பெரும்பாலும் சில சதவீதத்தைத் தாண்டாது. அறுபது வயதுக்காரர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அது சட்டென்று ஏறிவிடும். முப்பது வயதுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி நாற்பதைத் தாண்டுவாரா என்பதல்ல. ஐம்பத்தைந்தில் எப்படி இருப்பார் என்பது. இந்த ஓட்டையை அமெரிக்க இதயச் சங்கமே உணர்ந்து, 2023இல் வெளியிட்ட 'ப்ரிவென்ட்' என்ற புதிய கணிப்பானில் வயது வரம்பை முப்பதுக்கு இறக்கி, முப்பதாண்டு ஆபத்தையும் சேர்த்தது. கருவி மாறிவிட்டது, ஆலோசனை அறையின் பழக்கம் மாற இன்னும் நாளாகும்.

குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவது நடுவயதில் தொடங்கும் சங்கதி என்ற நம்பிக்கையை முதலில் உடைத்தது போர்க்களம். கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை அறுத்துப் பார்த்து, 1953இல் எனோஸ் என்ற மருத்துவரும் சகாக்களும் முடிவுகளை வெளியிட்டார்கள். இறந்தவர்களின் சராசரி வயது 22. அவர்களில் 77 சதவீதத்தினரின் இதயத் தமனிகளில் கண்ணுக்குத் தெரியும் அளவு நோய் மாற்றம் இருந்தது. பிறகு லூசியானா மாநிலத்தின் போகலூசா ஊரில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வும், விபத்து போன்ற காரணங்களால் இறந்த 15 முதல் 34 வயதினரின் தமனிகளைப் பரிசோதித்த மற்றோர் அமெரிக்க ஆய்வும் அதையே உறுதி செய்தன, எல்.டி.எல். அதிகமாகவும் நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். குறைவாகவும் இருந்தவர்களுக்கு அந்த வயதிலேயே படிவு கூடுதல். இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும்: அந்தச் சிப்பாய்களைப் போன்ற இளைஞர்கள் எல்லாருக்கும் பிற்காலத்தில் மாரடைப்பு வந்துவிடவில்லையே? வரவில்லை. ஆரம்பப் படிவு விதி அல்ல. பல இடங்களில் அது அப்படியே நின்றுவிடும், சில இடங்களில் பின்வாங்கவும் செய்யும். 2001 முதல் 2011 வரை போர்ப் பணியில் இறந்த அமெரிக்கப் படையினரைப் பற்றி 2012இல் வந்த ஆய்வில் இந்த விகிதம் 8.5 சதவீதமாகக் குறைந்திருந்தது. இரண்டு ஆய்வுகளின் முறைகளும் வேறு வேறு, நேரடியாக ஒப்பிடுவது சரியல்ல. இருந்தாலும் இடைப்பட்ட அரை நூற்றாண்டில் சிகரெட்டும் வெண்ணெயும் குறைந்த ஒரு நாட்டில் இளைஞர்களின் தமனிகளும் தேறின என்று அதைப் படிக்க இடமிருக்கிறது. அப்படியென்றால் இளம் வயதுப் படிவு மாற்றக்கூடிய ஒன்று. மாற்றக்கூடியது என்பதுதான் அதைப் பற்றிப் பேசுவதற்கே காரணம்.

காலத்தின் பங்கை மிகத் தெளிவாகக் காட்டியது மரபியல். கல்லீரல் செல்களின் மேல் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பிகளைச் சிதைக்கும் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் சிலருக்குப் பிறவியிலேயே சரியாக வேலை செய்வதில்லை. அவர்களுக்கு ஏற்பிகள் மிகுதி, ஆகவே பிறந்த நாள் முதல் எல்.டி.எல். குறைவு. அமெரிக்கக் கறுப்பினத்தவரில் இப்படிப்பட்டவர்களைப் பதினைந்து ஆண்டு கவனித்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. அவர்களின் எல்.டி.எல். மற்றவர்களைவிட 28 சதவீதம்தான் குறைவு. இதய நோயோ 88 சதவீதம் குறைவு. இதோடு மாத்திரைகளின் பலனை ஒப்பிட வேண்டும். ஸ்டாட்டின் மாத்திரையால் எல்.டி.எல். சுமார் 39 மில்லிகிராம் குறைந்தால் ஐந்தாண்டுச் சோதனைகளில் பெரிய இதய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. அதே 39 மில்லிகிராம் பிறவியிலிருந்தே குறைவாக இருந்தால் ஆபத்து பாதிக்கும் கீழே போகிறது என்று 2012இல் மரபியல் தரவுகளைத் தொகுத்தவர்கள் கணித்தார்கள். கொழுப்பு ஒன்றே, குறைவும் ஒன்றே, வேறுபாடு ஆண்டுகளில். 18 முதல் 30 வயதுக்குள் இருந்தவர்களை 1980களின் நடுவிலிருந்து பின்தொடரும் 'கார்டியா' ஆய்வும் இதே திசையில்தான் பேசுகிறது: நாற்பதுக்கு முன் உடம்பில் சேர்ந்த மொத்த எல்.டி.எல். சுமை பிற்கால நோயோடு நெருங்கிய தொடர்பு கொண்டது. ஆறு அமெரிக்க ஆய்வுகளைச் சேர்த்து 2019இல் வந்த பகுப்பாய்வு ஒன்று, இளம் வயதில் எல்.டி.எல். 100ஐத் தொட்டோ தாண்டியோ இருந்தவர்களுக்கு, பிற்காலத்து அளவு எதுவானாலும், இதயக் குழாய் நோய் 64 சதவீதம் அதிகம் என்றது. 130 அல்ல, 100.

புகைப்பவர்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை என்பதோடு எத்தனை ஆண்டாக என்றும் மருத்துவர் கேட்பார். கொலஸ்ட்ராலுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எல்.டி.எல். 140 என்ற அளவில் நாற்பது ஆண்டு வாழ்ந்தவரின் மொத்தச் சுமை 140ஐ 40ஆல் பெருக்க 5,600. 100 என்ற அளவில் வாழ்பவர் அந்தச் சுமையை எட்ட 56 ஆண்டாகும். பார்டர்லைன் என்று நாம் தோளைக் குலுக்கிவிட்டுப் போகும் இடைவெளி பதினாறு ஆண்டு. இது தோராயக் கணக்கு, சிறுவயதில் அளவு இவ்வளவு இருக்காது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் புகையும் இதில் வரவில்லை. திசையைக் காட்ட இது போதும்.

இந்த வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய மிக வலுவான ஆட்சேபம், இளைஞர்களிடம் சோதனை நடத்திக் காட்டவில்லையே என்பது. உண்மை. பார்டர்லைனில் இருக்கும் ஆயிரக்கணக்கான முப்பது வயதுக்காரர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சிகிச்சை தந்து, மற்றதை விட்டுவிட்டு, இருபத்தைந்து ஆண்டு காத்திருந்து மாரடைப்புகளை எண்ணிய சோதனை எதுவும் கிடையாது. இதை மறைப்பவர்கள் தங்கள் வாதத்தைத் தாங்களே பலவீனப்படுத்திக்கொள்கிறார்கள். ஆனால் சோதனை இல்லை என்பதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பதில் கவனம் வேண்டும். மருந்தின் பக்கவிளைவையும் பலனையும் நாற்பது ஆண்டுக்கு நிறுத்துப் பார்த்தவர் யாரும் இல்லை என்பதால், பார்டர்லைனில் உள்ள எல்லா இளைஞர்களுக்கும் மாத்திரை எழுதுவது தவறு. அந்த அளவுக்கு ஆட்சேபம் செல்லும். பொரித்த எண்ணெயையும் வயிற்றுச் சதையையும் குறைக்கவும், காரணத்தைத் தேடிப் பார்க்கவும் அப்படிப்பட்ட சோதனைக்காகக் காத்திருக்கச் சொல்ல அதற்கு வலு கிடையாது. சிகரெட்டை இருபது வயதில் விட்டால் நல்லது என்பதற்கும் அத்தகைய சோதனை நடந்ததில்லை. அடுத்த ஆட்சேபம், முதியவர்களில் கொலஸ்ட்ரால் குறைவாக இருப்பவர்களே அதிகம் இறக்கிறார்கள் என்பது. புற்றுநோய், கல்லீரல் நோய், மெலிவு எல்லாமே கொலஸ்ட்ராலைக் கீழே இழுக்கும். அங்கே நோய் காரணம், குறைந்த எண் விளைவு. பிறவியிலேயே எண் குறைந்தவர்கள் நலமாக வாழ்கிறார்கள் என்பதை மேலே பார்த்தோம்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், கொழுப்பைச் சுமக்கும் புரதங்களின் விகிதமும் புகைப்பழக்கமும்தான் மாரடைப்பின் தலையாய இரு காரணிகளாகத் தெரிந்தன. அதிலிருந்த தெற்காசியர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது முதல் மாரடைப்பின் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் அது 58.8. ஏறத்தாழ ஆறு ஆண்டு முந்திக்கொள்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் எடுத்த லிப்பிட் முடிவுகளை 2014இல் வெளியிட்டது. அதில் எல்.டி.எல். அதிகமாக இருந்தவர்கள் 11.8 சதவீதம்தான். ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு அதிகம் 29.5 சதவீதத்தினருக்கு. நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைவு 72.3 சதவீதத்தினருக்கு. ஏதாவது ஒன்றிலாவது கோளாறு உள்ளவர்கள் 79 சதவீதம். மேற்கத்திய நாடுகளில் வில்லன் எல்.டி.எல்.; இங்கே அதோடு ட்ரைகிளிசரைடு கூட்டணி சேர்ந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் மொத்தக் கொலஸ்ட்ரால் என்ற ஒற்றை எண்ணைப் பார்ப்பதால்தான் பயப்பட வேண்டியவர் நிம்மதியாகவும், நிம்மதியாக இருக்கலாம் என்பவர் பயந்துகொண்டும் திரிகிறார்கள்.

இரண்டு ரிப்போர்ட்டுகளை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் மொத்தக் கொலஸ்ட்ரால் 214, இரண்டும் பார்டர்லைன். முதல் ஆளுக்கு எச்.டி.எல். 66, ட்ரைகிளிசரைடு 80, எல்.டி.எல். 132. இரண்டாம் ஆளுக்கு எச்.டி.எல். 36, ட்ரைகிளிசரைடு 195, எல்.டி.எல். 139. எல்.டி.எல்.லை மட்டும் பார்த்தால் ஏழு மில்லிகிராம்தான் வித்தியாசம். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்துப் பாருங்கள்: முதல் ஆளுக்கு 148, இரண்டாம் ஆளுக்கு 178. 'நான்-எச்.டி.எல்.' (எச்.டி.எல். நீங்கலான அளவு) என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த எண்தான் குழாய்ச் சுவரில் புகக்கூடிய எல்லாக் கொழுப்புத் துகள்களையும் சேர்த்து எண்ணுகிறது. இதற்குத் தனிப் பரிசோதனையோ கூடுதல் கட்டணமோ கிடையாது, ஒரு கழித்தல் போதும். தவிர, பல ஆய்வகங்கள் எல்.டி.எல்.லை அளப்பதே இல்லை. 1972இல் ஃப்ரீடுவால்டு தந்த சூத்திரப்படி மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுகின்றன. ட்ரைகிளிசரைடு ஏறும்போது இந்தக் கணக்கு எல்.டி.எல்.லைக் குறைத்துக் காட்டும். 400ஐத் தாண்டினால் செல்லாது. நம்மவர்களுக்கு ஏறுவதோ ட்ரைகிளிசரைடு. இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டது: முதல் லிப்பிட் பரிசோதனை 18 வயதிலேயே, வெறும் வயிறு கட்டாயமில்லை, ஆபத்து குறைந்தவர்களுக்கும் எல்.டி.எல். 100க்குக் கீழே, எச்.டி.எல். நீங்கலான அளவு 130க்குக் கீழே.

எண்ணைச் சரியாகப் படித்தபின் அது உண்மையான எண்தானா என்று பார்க்க வேண்டும். ஒரே ஆளுக்கே வாரத்துக்கு வாரம் மொத்தக் கொலஸ்ட்ரால் ஆறு சதவீதம் வரையும் ட்ரைகிளிசரைடு இருபது சதவீதம் வரையும் ஏறி இறங்குவது இயல்பு. முந்தின ராத்திரி கல்யாண விருந்து, வார இறுதி மது, அண்மையில் வந்துபோன காய்ச்சல் எல்லாம் முடிவைக் குழப்பும். ஆகவே ஒரு பரிசோதனையை வைத்து யாரும் நோயாளி ஆகிவிட வேண்டாம், இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தால் எல்.டி.எல். ஏறும், இளம்பெண்களிடம் இது அடிக்கடி காணப்படுவதால் தைராய்டைப் பார்க்காமல் கொலஸ்ட்ராலுக்கு வைத்தியம் தொடங்குவது அபத்தம். கர்ப்பத்தில் இயல்பாகவே ஏறும். முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின், ஸ்டீராய்டு மருந்துகள், ஜிம்மில் கைமாறும் அனபாலிக் ஊசிகள், அரிசியை விட்டுவிட்டு வெண்ணெயும் இறைச்சியுமாகச் சாப்பிடும் கீட்டோ உணவு எல்லாமே இந்த எண்களைப் புரட்டிப் போடும். கட்டுமஸ்தான உடம்போடு எச்.டி.எல். இருபதுகளில் கிடக்கும் இளைஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதல்ல, என்ன ஊசி போடுகிறீர்கள் என்பது.

அடுத்து குடும்பம். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65க்கு முன் மாரடைப்போ ஸ்டென்டோ நேர்ந்திருந்தால், அதே பார்டர்லைன் எண்ணின் பொருளே வேறு. எல்.டி.எல். 190ஐத் தொட்டால் குடும்பவழிக் கொலஸ்ட்ரால் நோயைச் சந்தேகிக்க வேண்டும். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கும் இது பார்டர்லைன் கதையே அல்ல, உடனே சிகிச்சை வேண்டியது. இன்னொன்று லிப்போபுரோட்டீன் ஏ என்ற கொழுப்புத் துகள். நார்வேயின் கோரே பெர்க் 1963இல் கண்டறிந்த இந்தத் துகளின் அளவைப் பெரும்பாலும் மரபணுவே நிர்ணயிக்கிறது, உணவும் நடையும் அசைக்காது. இந்தியர்களில் நான்கில் ஒருவருக்கு இது அதிகம் என்கிறது இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதல். 50 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால், மாற்றக்கூடிய மற்ற எல்லாவற்றிலும் கறாராக இருக்க வேண்டியவர் அவர்.

இப்போது தட்டுக்கு வரலாம். முட்டையின் மேல் நம் ஊருக்கு இருக்கும் கோபம் பழைய கணக்கு. உணவில் உள்ள கொலஸ்ட்ரால் ரத்தக் கொலஸ்ட்ராலைப் பெரும்பாலோருக்குச் சிறிதளவே உயர்த்துகிறது. நாளுக்கு 300 மில்லிகிராம் என்று வகுத்திருந்த வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டுதல் 2015இல் எடுத்துவிட்டது. கல்லீரலின் ஏற்பிகளைக் குறைத்து எல்.டி.எல்.லை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு: நெய், வெண்ணெய், க்ரீம், கொழுப்புள்ள ஆட்டிறைச்சி, பாமாயில், தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெயைப் பற்றிப் பேசினால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் 16 சோதனைகளைத் தொகுத்து 2020இல் வந்த பகுப்பாய்வில், வெப்பமண்டலம் சாராத மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லை சுமார் 10 மில்லிகிராம் உயர்த்தியது. சட்னியில் அரைக்கும் தேங்காய்க்கு இதில் பங்கில்லை, அதில் நாரும் உண்டு, அளவும் குறைவு; சமையல் முழுவதும் தேங்காய் எண்ணெயில் நடந்தால்தான் யோசிக்க வேண்டும். ரேஷனில் மலிவு விலைக்குக் கிடைக்கும் பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு நாற்பது சதவீதத்துக்கு மேல். அதைக் குறைசொல்லிவிட்டுப் போவது எளிது. கடலை எண்ணெய் விற்கும் விலையில் ஒரு குடும்பம் வேறு எதை வாங்கும் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். பொரிப்பதைக் குறைத்துத் தாளிப்போடு நிறுத்திக்கொண்டாலே அந்தக் குடும்பத்தின் எண்ணெய்ச் செலவும் எல்.டி.எல்.லும் சேர்ந்து இறங்கும். பேக்கரி பஃப்ஸ், க்ரீம் பன், பரோட்டாவுக்குப் பிசையும் டால்டா ஆகியவற்றில் இருந்த டிரான்ஸ் கொழுப்பை எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் 2 சதவீதத்துக்குள் அடக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியிலிருந்து விதித்திருக்கிறது. விதி நல்லது. ஆனால் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைக்கும் வாணலியைக் கண்காணிக்க யாரும் இல்லை.

மேலே பார்த்த இரண்டாவது ரிப்போர்ட்காரர் முட்டையை நிறுத்தினாலும் நெய்யை நிறுத்தினாலும் ட்ரைகிளிசரைடு 195 பெரிதாக அசையாது. அது மாவுச்சத்திலிருந்து கல்லீரல் தயாரிக்கும் கொழுப்பு. காலையில் இட்லி, மதியம் தட்டு நிறைய வெள்ளைச் சோறு, நாலு மணிக்குச் சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும், ராத்திரி தோசை என்று ஓடும் நாளில் எண்ணெய் குறைவாகவே இருக்கலாம், சைவமாகவும் இருக்கலாம். சென்னையில் நடந்த க்யூர்ஸ் ஆய்வில், தீட்டிய தானியத்தை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இடுப்புச் சுற்றளவும் ட்ரைகிளிசரைடும் கூடுதலாகவும் எச்.டி.எல். குறைவாகவும் இருந்தன. 'நான் சுத்த சைவம், எனக்கு எப்படிக் கொலஸ்ட்ரால்?' என்ற கேள்விக்கு இதுவே விடை. இவருக்கு வேண்டியது சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், காய், மீன் வைப்பது, சர்க்கரையையும் மதுவையும் குறைப்பது, தொப்பையைக் கரைப்பது. ட்ரைகிளிசரைடு நன்றியுள்ள எண், சில வாரங்களிலேயே பலன் காட்டும். சோற்றைக் குறைத்த இடத்தில் நெய் ரோஸ்ட் வந்து உட்கார்ந்தால் எல்.டி.எல். ஏறிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உணவால் எவ்வளவு இறங்கும் என்பதில் அளவான எதிர்பார்ப்பு வேண்டும். ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள கரையும் நார் நாளுக்கு மூன்று கிராம் சேர்ந்தால் எல்.டி.எல். ஐந்து சதவீதம் போல் இறங்கும். இசப்கோல் அதைவிடச் சற்றுக் கூடுதல். கரையும் நார், சோயா, பாதாம் போன்ற கொட்டைகள், தாவர ஸ்டெரால் நான்கையும் சேர்த்து டொரோன்டோவின் டேவிட் ஜென்கின்ஸ் 2003இல் நடத்திய சோதனையில் எல்.டி.எல். ஒரே மாதத்தில் 28.6 சதவீதம் இறங்கியது, மாத்திரை எடுத்தவர்களுக்கு 30.9. ஆனால் அது உணவையே தயாரித்துக் கையில் கொடுத்த சோதனை. அறிவுரையை மட்டும் தந்து அனுப்பிய அடுத்த சோதனையில் 13 சதவீதத்தோடு நின்றது. அந்த 13 சதவீதமும் குறைவில்லை: 145ஐ 126 ஆக்கும். உடற்பயிற்சியால் எல்.டி.எல். இறங்குவது சொற்பம், ட்ரைகிளிசரைடு, சர்க்கரை, ரத்த அழுத்தம், இடுப்பு ஆகியவற்றில்தான் அது வேலை செய்கிறது. நடந்தும் எண் குறையவில்லையே என்று நடையை நிறுத்துபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பூண்டு, மஞ்சள், லவங்கப்பட்டை, மீன் எண்ணெய் மாத்திரைகளை 2022இல் குறைந்த அளவு ரோசுவாஸ்டாட்டினோடு ஒப்பிட்டார்கள். ஸ்டாட்டின் எல்.டி.எல்.லை சுமார் 38 சதவீதம் இறக்கியது. மற்றவை வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. புகைப்பவருக்கு ஒரு சொல்: எல்.டி.எல். 135ஓடு பீடியும் இருந்தால் முதலில் விட வேண்டியது பீடி.

மாத்திரை யாருக்கு? எல்.டி.எல். 190ஐத் தொட்டவருக்குத் தயக்கமே வேண்டாம். 20 முதல் 39 வயதில், குடும்பத்தில் இளவயது இதயநோய் இருந்து எல்.டி.எல். 160ஐத் தொட்டிருந்தால் ஸ்டாட்டினைப் பரிசீலிக்கலாம் என்றது 2018இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். தெற்காசிய வம்சாவளியையே ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகவும் அது சேர்த்தது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தனிக் கணக்கு. மற்ற பார்டர்லைன்காரர்கள் உணவோடும் உடம்போடும் ஆறு மாதம் உழைத்துப் பார்த்தபின் பேச வேண்டிய பேச்சு இது. ஸ்டாட்டினைப் பற்றிய பயத்தில் பெரும்பகுதி மிகை. லண்டன் இம்பீரியல் கல்லூரி 2020இல் வெளியிட்ட சாம்சன் சோதனையில், பக்கவிளைவு தாங்காமல் நிறுத்தியவர்களுக்கே ஸ்டாட்டினையும் வெற்று மாத்திரையையும் மாதம் மாற்றி மாதம் கொடுத்தார்கள்; தொல்லைகளில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. ஆனால் சர்க்கரை நோயின் வாய்ப்பைச் சற்றே கூட்டுவது உண்மை: 255 பேர் நான்காண்டு எடுத்துக்கொண்டால் கூடுதலாக ஒருவருக்கு. ஏற்கெனவே சர்க்கரையின் விளிம்பில் நிற்கும் நம் இளைஞர்களுக்கு இது அற்பமல்ல. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் பொதுவாக இதைத் தவிர்க்க வேண்டும். இந்த இரண்டு காரணங்களுக்காகவும், வாழ்நாள் முழுவதும் விழுங்க வேண்டியதை எண்ணின் மேல் வந்த பதற்றத்தில் தொடங்கக் கூடாது.

ஆரோக்கியமானவர்களை நோயாளி ஆக்குகிறீர்கள் என்று சொல்பவர்களுக்கும் மதிப்புத் தர வேண்டும். முழு உடல் பரிசோதனைகளின் வியாபாரம் பயத்தில் ஓடுகிறது; பார்டர்லைன் என்ற குறிப்போடு அடுத்த பேக்கேஜுக்கான தள்ளுபடியும் வருவது தற்செயல் அல்ல. முப்பது வயதில் ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுக்கும் சுண்ணாம்புப் படிவு ஸ்கேன் அந்த வயதில் பெரும்பாலும் பூஜ்யம்தான் காட்டும். அதை வைத்து நிம்மதி அடைவதும் தவறு. ஆனால் இந்த விமர்சனம் பரிசோதனை வியாபாரத்தின் மேல் விழ வேண்டியது, கொலஸ்ட்ராலின் மேல் அல்ல. ஃபின்லாந்தின் வட கரேலியா மாகாணம் 1972இல் தனிமனிதர்களைத் துரத்தாமல் ஊரின் சமையலறையையே மாற்ற முனைந்தது: வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய், குறைந்த கொழுப்புப் பால், உள்ளூர்ப் பெர்ரிப் பழங்கள். நாற்பது ஆண்டுக்குள் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் எண்பது சதவீதத்துக்கு மேல் விழுந்தது. முதல் ஸ்டாட்டின் சந்தைக்கு வந்ததே 1987இல்தான். நம் நிறுவனங்கள் ஊழியர்களின் ரத்தத்தை ஆண்டுதோறும் எடுத்துவிட்டு, அதே கட்டிடத்தின் கேன்டீனில் சமோசாவும் வெள்ளைச் சோறும் தவிர வேறு வழி வைப்பதில்லை. பரிசோதனைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கைச் சுண்டலுக்கும் காய்க்கும் ஒதுக்கச் சொல்லி ஊழியர்கள் கேட்கலாம், கேட்க வேண்டும்.

கையில் ரிப்போர்ட் இருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து எழுதிவையுங்கள். ட்ரைகிளிசரைடு 150க்கு மேலா கீழா என்று பார்த்து, குறைக்க வேண்டியது எண்ணெயா சோறா இரண்டுமா என்று முடிவு செய்யுங்கள். தாத்தாவோ சித்தப்பாவோ 'நெஞ்சு வலி வந்து போய்விட்டார்' என்று வீட்டில் சொன்னால் அப்போது அவருக்கு என்ன வயது என்று கேளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கும்போது தைராய்டையும் லிப்போபுரோட்டீன் ஏயையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவதை ஆயுளில் ஒருமுறை பார்த்தால் போதும்.